பதின்மூன்றாவது கோது

நிஷாந்தனின் இடக்கையில் இரண்டு விரல்கள் போய்ப் பன்னிரண்டாம் நாள், றெஜினோல்ட் உடுப்புக் காயப்போடக் கெல்லருக்கு இறங்கினார். அடுக்குமாடியின் நிலத்தடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரச்சட்டம் அடித்த ஒரு சிறு அறை உண்டு. அவருடைய அறைப் பக்கமிருந்து கூழ்முட்டை மணம் வந்தது.

திறந்து பார்த்தால் மூலையில் அந்தச் சாடி. வாயகன்ற பிளாஸ்டிக் சாடி. சுடப் போகும் நாளில் அதில் பாதிக்குச் சவர்க்காரத் தண்ணீர் ஊற்றிக் கொண்டுபோவார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதைத் துவக்கிலிருந்து எடுத்த கையோடு அதற்குள் போட்டுவிட வேண்டும். கருமருந்து எரிந்து மிஞ்சும் கரி காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிப் பித்தளையை அரிக்கும். ஒரு நாள் விட்டாலே கோதில் பச்சை பிடிக்கும். தண்ணீரில் போட்டால் கரி கரைந்துவிடும், அதே கோதை இருபது முப்பது தடவை திரும்ப நிரப்பலாம்.

குழல் வெடித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கோதுகளைக் கழுவியிருக்க வேண்டும். அன்றைக்கு அவர் வீட்டுக்கே வரவில்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். வெடித்த துவக்கையும் பெட்டியில் மிஞ்சிய ரவைகளையும் பொலிஸ் எடுத்துக்கொண்டு போயிற்று. அழுக்குத் தண்ணீர்ச் சாடியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குறிச்சூட்டுக் கழகத்தின் மேற்பார்வையாளர் ஹார்ட்முட்தான் அதையும் பாயையும் தொலைநோக்கியையும் காரில் கொண்டுவந்து கெல்லருக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

றெஜினோல்ட் தண்ணீரைத் தொட்டியில் சாய்த்துக் கோதுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் அடுக்கினார். கை தன் பாட்டில் எண்ணியது. பன்னிரண்டு இருக்க வேண்டும். அன்று பன்னிரண்டு சூடு ஒழுங்காக முடிந்தது. பதின்மூன்றாவது சூட்டில்தான் குழல் வெடித்தது. அந்தக் கோது உடைந்த துவக்குக்குள்ளேயே சிக்கிப் பொலிசிடம் இருக்கிறது. சாடியிலிருந்து வந்தது பதின்மூன்று.

திரும்ப எண்ணினார். பதின்மூன்றுதான்.

ஒன்று மற்றவற்றைவிடப் பாரமாக இருந்தது. திருப்பி அடியைப் பார்த்தார். ஒவ்வொரு கோதின் அடியிலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய கேப் ஒன்று பதிந்திருக்கும். துவக்கின் ஊசி அதில் குத்தும்போது பொறி பறந்து உள்ளே உள்ள மருந்தைப் பற்றவைக்கும். சுட்ட கேப்பில் அந்தக் குத்து ஒரு குழியாக நிற்கும். இதில் குழி இல்லை. வாங்கிய அன்று இருந்ததுபோல வழவழவென்று இருந்தது. கோதின் வாயில் அட்டை வில்லை ஊறி உப்பி அடைத்திருந்தது. அதற்குக் கீழே மருந்து கரிய சேறாகக் கிடந்தது. இது சுடாத ரவை. ஈயக்குண்டை மட்டும் காணவில்லை.

அது எங்கே இருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் சாடியைக் கவிழ்த்துத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

றெஜினோல்ட் ஹனோவரில் ஒரு கருவிப் பட்டறையில் இருபத்தாறு வருசமாக வேலை செய்பவர். மனைவி சிவமலர் முதியோர் இல்லத்தில் தாதி. நிஷாந்தன் அவளுடைய தம்பி, நகர பஸ் ஓட்டுநர். ஏழு வயதில் ஜெர்மனிக்கு வந்தவன், இப்போது முப்பத்தெட்டு. அத்தானும் மச்சானும் ஆறு வருசத்துக்கு முன்பு ஒரு குறிச்சூட்டுக் கழகத்தில் சேர்ந்தபோது ஊர்ச்சனத்தின் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில் தியாகராசா எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்: "அங்க துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இவை இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்கினம்."

"அண்ணை, இது கடதாசியில ஓட்டை போடுற துவக்கு," என்றார் றெஜினோல்ட். "ஒரு ஓட்டைக்கு ஒரு கிழமை வேலை. உங்களுக்குப் பொறுமை காணாது."

உண்மையில் அவரைப் பிடித்துக்கொண்டது சுடுவது அல்ல, அந்த ஒரு கிழமை வேலைதான். இந்தக் காலத்துத் துவக்குக்குக் கடையில் ரவை வாங்கிப் போடலாம். நிஷாந்தன் வாங்கியதோ நூற்று நாற்பது வருசப் பழசு. தடவைக்கு ஒரு ரவைதான் கொள்ளும். அதற்கு ஏற்ற ரவையை வீட்டிலேயே கட்ட வேண்டும், அதற்கு அரசாங்க அனுமதிப் பத்திரம் வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். றெஜினோல்ட் எழுதினார். இருவருடைய துவக்குக்கும் ரவை கட்டுவது அவர் வேலை, சுடுவதில் நிஷாந்தன் கெட்டிக்காரன்.

ரவை கட்டுவது எப்படியென்று கேட்டால் அவர் நேரம் பார்க்காமல் விளக்குவார். கருமருந்தைக் கரண்டியால் கொட்டினால் மணிகள் தாறுமாறாகக் கிடக்கும். முக்கால் மீட்டர் நீளமான ஒடுங்கிய குழாய் வழியே மெல்ல மெல்ல விழுத்தினால், அரிசி மூட்டையைத் தட்டித் தட்டி நிரப்புவதுபோல, ஒன்றின் இடுக்கில் ஒன்று போய் அமரும். அதற்கு மேல் அட்டை வில்லை வைத்து அமத்த வேண்டும். வில்லை இறுகி நிற்பதால் கோதைக் கவிழ்த்தாலும் மருந்து கொட்டாது. வில்லைக்கு மேல் குண்டு. இடையில் காற்று நிற்கக் கூடாது. குண்டுக்கும் மருந்துக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால், எரிகிற வாயு அந்தத் தூரத்தை ஓடிக் கடந்து குண்டின் பின்பக்கத்தில் சுத்தியல் மாதிரி மோதும். அந்த அடி குழலில் இறங்கும்.

குண்டுக்கு மெல்லிய தாளை ஈரமாக்கி இரண்டு சுற்றுச் சுற்றுவார். தாளோடு சேர்ந்து அது குழலுக்குள் வழுக்கிப் போகும் பருமன்தான் இருக்கும். மருந்து வெடிக்கும் அடியில் மெத்தென்ற ஈயம் பின்பக்கம் பருத்து, குழலின் உள்ளே வெட்டிய புரிகளை அப்போதுதான் பிடித்துக்கொள்ளும். சுழன்றுகொண்டு வெளியே போகும்.

ஒரு துவக்குக்கு எது ஒத்துப்போகும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிச் சுட்டு அளக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்றி ஒரு மாதம். அமத்தும் ஆழத்தை மாற்றி ஒரு மாதம். தாளின் தடிப்பை மாற்றி ஒரு கோடைகாலம். கடைசியாகக் கோதின் வாய் குண்டை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது மிஞ்சியது. இறுகப் பிடித்தால் ஒவ்வொரு கோதும் குண்டை ஒவ்வொரு மாதிரி விடும், குறி சிதறும். அதனால் றெஜினோல்ட் கிழமைக்குக் கிழமை இறுக்கத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். செப்டம்பர் ஆறாம் திகதி சனிக்கிழமை கொண்டுபோன இருபது ரவைகளில் கோது குண்டைப் பிடிக்கவே இல்லை. விரலால் வைத்தால் நிற்கும், அவ்வளவுதான்.

இப்படிக் கட்டிய ரவையில் ஒரு சிக்கல் இருக்கிறது. துவக்குக்குள் வைத்தால் சுட்டே தீர வேண்டும். சுடாமல் வெளியே இழுத்தால் கோது மட்டும் வரும், குண்டு குழலுக்குள் நின்றுவிடலாம். இதை அவர் நிஷாந்தனுக்குச் சொல்லியிருந்தார். "இழுக்க வேண்டி வந்தா நீ தொடாத. நான் எடுக்கிறன்," என்றும் சொல்லியிருந்தார்.

அன்று வெயில். ஹனோவருக்கு வடக்கே பைன் காட்டுக்குள், பழைய மணற்குழி ஒன்றில் அமைந்த முந்நூறு மீட்டர்த் தளம். மண்மேட்டில் பாய் விரித்து நிஷாந்தன் இருந்தான். பெருக்கல் குறிபோலக் கட்டிய இரண்டு தடிகளின் கவையில் குழல் கிடக்க, இடக்கையால் குழலையும் தடியையும் சேர்த்துப் பிடித்திருந்தான். பக்கத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி றெஜினோல்ட். சோடியாகச் சுடுபவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். காற்றைப் பார்த்துச் சொல்வதும் சுட்ட கோதைப் பின்பக்கத்தால் எடுத்துச் சாடியில் போடுவதும் அத்தானின் வேலை. அப்படி எடுத்தால் சுடுபவன் இருந்த நிலை குலையாது. ஒவ்வொரு சூட்டுக்கும் பிறகு இரண்டு ஈரத் துணித்துண்டுகளைக் கோலால் தள்ளிக் குழலைத் துடைப்பது மச்சானின் வேலை.

பன்னிரண்டு சூடும் ஒரு கையகலத்துக்குள் போயிருந்தன. ஆறு வருசத்தில் இப்படி நடந்ததில்லை. நிஷாந்தன் குழலைத் துடைத்து, அடுத்த ரவையை வைத்து மூடினான். அப்போது சிவப்பு விளக்கு எரிந்தது.

"பொறு. விடாத," என்றார் றெஜினோல்ட்.

"என்னவாம்?"

"மான் ஒண்டு. குறிக்கு முன்னால நிண்டு மேயுது."

"விசா இருக்கோ எண்டு கேளுங்கோ அத்தான்."

"அதுக்கு இருக்கு. எங்கட பேப்பரைத்தான் அது பாக்குது."

பின்னாலிருந்து ஹார்ட்முட் எல்லாத் துவக்கையும் திறந்து வைக்கும்படி கத்தினார். நிஷாந்தன் குனிந்து குறிப்புக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். றெஜினோல்ட் கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே கையை நீட்டினார், துவக்கைத் திறக்கும் நெம்பை இறக்கினார், கோதை எடுத்தார், சாடிக்குள் போட்டார். அன்று காலையிலிருந்து பன்னிரண்டு தடவையும், ஆறு வருசத்தில் ஆயிரக்கணக்கான தடவையும் செய்த அசைவு அது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூட அவருக்கு வித்தியாசமாகக் கேட்கவில்லை. மானுக்கு ஒரு கொம்பு சின்னதாக இருந்தது. அது அவருக்கு இப்போதும் ஞாபகம்.

நிஷாந்தன் சட்டப்படி துவக்கைத் திறந்தபடியே மேட்டின் சரிவில், குழல்வாய் கீழே பார்க்க வைத்தான். சற்று முன்தான் துடைத்த ஈரக் குழல். வெயிலில் கரி முன்பக்கத்தில்தான் காய்ந்து இறுகும், துணி அதை முழுக்க எடுக்காது. குண்டு வழுக்கிப் போய் அந்தக் கரியில் நின்றிருக்கிறது.

மான் போக எட்டு நிமிடம் எடுத்தது. பச்சை விளக்கு வந்ததும், வெறுமையாகத் திறந்து கிடந்த துவக்கைப் பார்த்து, முன்பு ஒன்றை வைத்தது நினைவில்லாமல், நிஷாந்தன் பெட்டியிலிருந்து ஒரு ரவையை எடுத்தான். குழலைத் துடைத்தாயிற்று என்பதால் திரும்பத் துடைக்கவில்லை. ரவை தடையில்லாமல் உள்ளே போயிற்று. சுட்டபோது அவன் குழலைப் பிடித்திருந்த இடம், குண்டு நின்ற இடத்துக்கு நேர் மேலே.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. புகை விலகியபோது நிஷாந்தன் இடக்கையை வலக்கையால் தாங்கிக்கொண்டு அதை ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அக்காட்டச் சொல்லாதேங்கோ," என்றான். பிறகுதான் கத்தினான்.

ஒரு கிழமைக்குப் பின் பொலிஸ் அமர்த்திய நிபுணரின் முதல் அறிக்கை வந்தது. குழலுக்குள் அடைப்பு இருந்திருக்கிறது. வெடித்த இடத்தில் பருத்தி இழையும் எரிந்த தாளும் காணப்பட்டன. துடைக்கும் துணி உள்ளே விடுபட்டிருக்கலாம். துடைத்தது நிஷாந்தன். அவன் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

"தம்பி துணி எண்ணுறான்," என்றாள் சிவமலர். ஒவ்வொரு பின்னேரமும் அவள் லிண்டனில் இருந்த அவனுடைய வீட்டுக்குப் போய்ச் சமைத்துவைத்துவிட்டு வந்தாள். "நூறு வெட்டினவனாம். டின்னுக்க எழுபத்தாறு இருக்கு. மிச்சம் இருபத்துநாலும் நிலத்தில விழுந்ததோ, இருபத்துமூண்டுதான் விழுந்ததோ எண்டு ஆருக்குத் தெரியும்? அதை வைச்சு வைச்சு எண்ணுறான்."

"கை என்னவாம்?"

"கைக்கு டொக்டர் ஓம் எண்டிட்டார். வசந்தகாலம் பஸ் ஓடலாமாம். இவன்தான் ஏலாது எண்டுறான். ஒரு துணித்துண்டை வெளியில எடுத்தனோ இல்லையோ எண்டு தெரியாதவன், காலமை ஏழு மணிக்கு பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தலாமோ எண்டு கேக்கிறான். வாற முதலாம் திகதி டெர்மின், வரச் சொல்லிக் குடுத்திருக்கினம். ஓட்டுநர் வேலையை விட்டிட்டு டெப்போக்குள்ள தொலைஞ்ச சாமான் அறையில இருக்கப் போறானாம். கையெழுத்து வைச்சா முடிஞ்சுது."

அவள் இதைச் சொன்னது பதினேழாம் திகதி புதன்கிழமை. மறுநாள்தான் றெஜினோல்ட் சாடியைத் திறந்தார்.

அன்றைக்கே மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். பதின்மூன்றாவது கோதை அவர் துடைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, சவர்க்காரத்தூள் டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். தனக்குள் அவர் சொல்லிக்கொண்ட காரணம் நியாயமாகத்தான் இருந்தது. கோது ஒரு தடயம் மட்டுமே. குண்டு தானாக வழுக்கிப் போகுமா, போனால் எவ்வளவு தூரம், எந்தச் சரிவில்? அளக்காமல் ஒன்றையும் நம்பக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லி வந்தவர் அவர்.

அவருடைய துவக்கும் மருந்தும் விசாரணை முடியும்வரை அதிகாரிகளிடம் இருந்தன. ஆனால் முன்பு ஒரு புதுக் குழலை நீளம் குறைத்தபோது மிஞ்சிய நாற்பது சென்ரிமீட்டர்த் துண்டு கெல்லரில் கிடந்தது, அதே உள்ளளவு. தாள் சுற்றிய குண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. பின்னேரங்களில் கீழே இறங்கி, மேசையில் குழல்துண்டைச் சரித்துவைத்து, குண்டை உள்ளே வைத்து, விரலால் குழலை ஒரு தட்டுத் தட்டினார். குண்டு ஓடி மறுபக்கத்தால் துணியில் விழுந்தது. சதுரக்கோட்டுத் தாளின் மேல்மூலையில் திகதி போட்டு எழுதினார். ஒரு தடவை நடந்தால் தற்செயல். ஐந்து தடவை செய்தார். ஐந்திலும் ஓடியது.

முதல் நாளே விடை கிடைத்துவிட்டது. இரண்டாம் நாள் சரிவைக் குறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் குழலை உலரவிட்டு. நாலாம் நாள் அதே சோதனையைத் திரும்ப. ஞாயிறு சிவமலர் கேட்டாள்: "கெல்லருக்க என்னப்பா தட்டுற சத்தம்?"

"சும்மா. ஒரு அளவு பாக்கிறன்."

"இன்னும் அந்தச் சனியனோடதானோ?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆறாம் நாள் மெழுகுதிரிக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் முன்பக்கம் பூசிக் காயவிட்டு, மற்ற இடத்தை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தார். குண்டு ஓடிக் கரியில் போய் நின்றது. ஐந்து தடவையும் நின்றது. அன்று நடந்தது இதுதான். இதற்கு மேல் சோதிக்க ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் அவர் கரியின் தடிப்பை மாற்றினார். எட்டாம் நாள் தாளின் தடிப்பை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனார், வந்தார், சோறு சாப்பிட்டார், இன்னும் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இறங்கினார். முதலாம் திகதிதானே டெர்மின். அதற்குள் சொன்னால் போதும். அதுவும் ஒரு கணக்காக அவர் மனதில் இருந்தது.

இருபத்தொன்பதாம் திகதி திங்கட்கிழமை பின்னேரம், சிவமலர் கறிச் சட்டியைத் துணிப்பையில் வைத்துக் கட்டும்போது, "நானும் வாறன்," என்றார். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் நிஷாந்தனைப் போய்ப் பார்த்தது இரண்டு தடவைதான்.

ட்ராமில் அவர் மடியில் ஒரு பை இருந்தது. அதில் கோதும் குழல்துண்டும் நாலு குண்டும் பதினொரு தாளும்.

நிஷாந்தன் குசினி மேசையில் இருந்தான். இடக்கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. மேசையில் துணித்துண்டு டின்.

"வாங்கோ அத்தான். வழி தெரிஞ்சுதே?" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

றெஜினோல்ட் கதிரையில் அமரவில்லை. பையிலிருந்து கோதை எடுத்து அவன் முன்னால் வைத்தார். "நீ துணியை விடேல்ல," என்றார்.

நிஷாந்தன் கோதைப் பார்த்தான். சிவமலர் அடுப்படியிலிருந்து திரும்பினாள்.

"இது அண்டைக்குச் சாடிக்குள்ள கிடந்தது. சுடாத ரவை. மான் வந்த நேரம் நான்தான் இழுத்தனான். குண்டு உள்ள நிண்டிட்டுது. நான் பாக்கேல்ல. சுட்ட கோதெண்டு நினைச்சுத் தண்ணிக்குள்ள போட்டிட்டன். நிபுணர் கண்ட தாள், குண்டில சுத்தின தாள். துணியிழை நீ துடைச்சதில ஒட்டினது. நீ எல்லாத்தையும் சரியாத்தான் செய்தனி."

றெஜினோல்ட் அதோடு நிற்கவில்லை. குழல்துண்டை எடுத்தார், குண்டை வைத்தார், சரித்தார், தட்டினார். குண்டு ஓடி மேசையில் விழுந்து உருண்டது. சரிவு எவ்வளவு, ஈரம் இருந்தால் எப்படி, கரி எங்கே காயும், இடையில் காற்று நின்றால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். விளக்கம் நன்றாக இருந்தது. எங்கேயும் பிழை இல்லை.

நிஷாந்தன் கடைசிவரை கேட்டான். பிறகு நல்ல கையால் தாள்களைத் தன் பக்கம் இழுத்து, மேல்மூலையைப் பார்த்து வாசித்தான்.

"பதினெட்டு. பத்தொன்பது. இருபது." நிறுத்தினான். "பதினெட்டாம் திகதியே உங்களுக்குத் தெரியும்."

"சரியாத் தெரியேல்ல. அதுதான் நான்..."

"இதில எழுதியிருக்கு அத்தான். ஐஞ்சில ஐஞ்சு." தாள்களைத் தள்ளினான். "இருபத்துமூண்டு. அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"கரி பூசிப் பாத்தன்."

"அண்டைக்குத்தான் நான் கையெழுத்து வைச்சனான்."

"முதலாம் திகதியெண்டுதானே சொன்னனி தம்பி?" என்றாள் சிவமலர்.

"முன்னுக்கு எடுத்திட்டன் அக்கா. ஏன் இழுப்பான் எண்டு. சொன்னா நீ அழுவாய் எண்டு சொல்லேல்ல."

"திருப்பிக் கேக்கலாம்," என்றார் றெஜினோல்ட். "இதைக் கொண்டுபோய்க் காட்டினா..."

"கேக்கலாம். குடுத்தாலும் குடுப்பினம்." நிஷாந்தனின் குரல் உயரவில்லை. "துணியை விடேல்ல எண்டு இப்ப தெரியும். ஆனா ஒவ்வொரு நாளும் நித்திரையால எழும்பி, விட்டது நான்தான் எண்டு எனக்கு நானே சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டன். கண்ணாடியைப் பாத்தா அவன்தான் தெரியிறான். அதைத் திருப்பி யார் எடுக்கிறது?"

றெஜினோல்ட் கோதை அவன் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"கோது மாறிப் போனது பிழைதான். அது ஆருக்கும் நடக்கும்," என்றான் நிஷாந்தன். "நான் சத்தியமாச் சொல்லுறன், அண்டைக்கே வந்து சொல்லியிருந்தா நான் உங்களைக் கட்டிப்பிடிச்சிருப்பன். ரெண்டு விரலுக்கு நான் அழேல்ல அத்தான். நான் அழுதது இதுக்கு."

சிவமலர் அடுப்பை அணைத்தாள். தம்பியின் பக்கத்துக் கதிரையை இழுத்து அதில் இருந்தாள். கணவனைப் பார்க்காமலே கேட்டாள்: "தட்டிக்கொண்டிருந்தது இதையோ?"

"ஓம்."

"நான் ஒவ்வொரு நாளும் வந்து உங்களிட்டச் சொன்னன். எண்ணுறான், எண்ணுறான் எண்டு."

"ஓம்."

"வீட்டை போங்கோ," என்றாள். "நான் இண்டைக்கு இஞ்ச நிக்கிறன்."

அவர் குண்டுகளைப் பொறுக்கினார். ஒன்று மேசைக்குக் கீழே போயிருந்தது. குனிந்து எடுக்க நேரம் பிடித்தது. தாள்களை அடுக்கும்போது நிஷாந்தன் சொன்னான்: "பொலிசிட்டக் குடுங்கோ. எல்லாத் தாளையும் குடுங்கோ."

மறுநாள் காலை வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். வழக்கைக் கையாளும் அதிகாரி முப்பது வயதுப் பெண். கோதைப் பைக்குள் வைத்தபடியே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குத் துவக்கைப் பற்றித் தெரியும், ஆனால் கருமருந்து புதிது. குண்டு ஏன் கோதோடு வரவில்லை என்று கேட்டாள். நல்ல கேள்வி. றெஜினோல்ட் ஒரு வெற்றுத்தாளில் கோதையும் குண்டையும் குழலையும் வெட்டுமுகமாக வரைந்தார். இறுக்கத்தை ஏன் குறைத்தார், அதனால் குறி எப்படி ஒடுங்கியது என்று சொன்னார். பன்னிரண்டும் ஒரு கையகலத்துக்குள் என்று சொல்லும்போது தன் குரலில் ஒரு உற்சாகம் ஏறியிருப்பது அவர் காதிலேயே விழுந்தது. பேனையை வைத்துவிட்டார்.

"தொடருங்கள்," என்றாள் அதிகாரி.

"அவ்வளவுதான். இழுத்தது நான். பார்க்காமல் போட்டதும் நான்."

அவள் தட்டச்சு செய்தாள். உங்கள் மீது கவனயீனமாகக் காயம் விளைவித்த வழக்கு வரும், வெடிமருந்து அனுமதிப் பத்திரத்தை இன்றே ஒப்படைக்க வேண்டியிருக்கும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு என்றாள். பத்திரத்தை அவர் கொண்டுவந்திருந்தார். மேசையில் வைத்தார்.

"இந்தத் தாள்கள் என்ன?"

"நான் செய்த சோதனைகள்."

அவள் புரட்டினாள். "இவை கட்டாயமில்லை. கோதை நிபுணருக்கு அனுப்பினால் போதும், சோதனையை அவர் செய்வார். நீங்கள் விரும்பினால் திருப்பிக் கொண்டுபோகலாம்."

தாள்கள் மேசையில் இருவருக்கும் நடுவில் இருந்தன. அவர் கையை நீட்டினால் எட்டும்.

"வேண்டாம். சேருங்கள்," என்றார். "முதல் தாளின் திகதியையும் கடைசித் தாளின் திகதியையும் வாக்குமூலத்தில் எழுதுங்கள். முதல் திகதியில் எனக்குத் தெரியும். கடைசித் திகதிக்கு மறுநாள்தான் அவனிடம் சொன்னேன்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு எழுதினாள். சான்றாகச் சேர்ப்பதென்றால் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வேண்டும் என்று பேனையை நீட்டினாள். றெஜினோல்ட் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கையெழுத்து வைத்துக்கொண்டு வந்தார். ஆறாவது தாளில், இருபத்துமூன்றாம் திகதித் தாளில், கொஞ்சம் நேரம் எடுத்தது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. அவர் அதிலும் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தார்.